ஒட்டு மாமாவின் ஒற்றைச் சாவி

என் அக்காவின் கணவரை அலுவலகத்தில் எல்லோரும் 'ஒட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி தலையாட்டிக்கொள்வார். எனக்கு அவர் வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார், கோபம் வந்தால் இரண்டும் இல்லை. அதே அலுவலகத்தில் அவர் செய்து முடிக்கிற இணையதளங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அக்கா புருஷனிடம் குற்றம் கண்டுபிடிக்க மாதாமாதம் சம்பளம் வாங்குகிற கொழுந்தியாள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒட்டு என்ற பெயர் வந்தது ஏன் என்றால், மாமா எதையும் தானாக எழுத மாட்டார். இணையதளத்தில் ஒரு நாள்காட்டி வேண்டுமா, யாரோ எங்கோ எழுதிப் பொதுவில் போட்டு வைத்திருப்பதை ஒரே வரியில் இழுத்துவந்து ஒட்டிவிடுவார். வரைபடம், பேச்சுப் பெட்டி, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற கருவி, "எப்படி இருந்தது?" என்று கேட்கிற சிரித்த மூஞ்சி, பக்கத்தின் மேலிருந்து பூ உதிர்கிற அலங்காரம், எல்லாம் வெளியாள் சரக்கு. "ஊரே செஞ்சு வெச்சிருக்கு, நாம எதுக்கு உக்காந்து மண்டைய உடைச்சுக்கணும்?" என்பார்.

நான் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன். வெளியாள் கருவியை ஒரு பக்கத்தில் ஒட்டினால் அது சுவரில் மாட்டிய படம் மாதிரி சும்மா இருக்காது. அந்தப் பக்கத்தில் நடப்பதையெல்லாம் அது பார்க்கும். அதைச் செய்தவர் நாளைக்கு அதில் எதையாவது மாற்றினால், அந்த மாற்றமும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வந்துவிடும்.

"யாருன்னே தெரியாதவங்கள வீட்டுக்குள்ள விட்டு வெச்சிருக்கோம் மாமா."

"அவங்க பாட்டுக்கு ஓரமா நிக்கப்போறாங்க. உனக்கு என்ன இடைஞ்சல்?"

நான் கோளாறு என்று எழுதி அனுப்புவேன். 'கோளாறு அல்ல, வசதி' என்று பதில் எழுதி மூடிவிடுவார். மாலையில் அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வருவேன். வாடகை மிச்சம் என்று நானும் அவர்களோடுதான் இருக்கிறேன்.

வீட்டிலும் அதே கதைதான். மிக்சி ஒரு கம்பெனி, அதன் மூடி வேறு கம்பெனி. அவர் மூக்குக்கண்ணாடியின் இடது காலும் வலது காலும் ஒன்றை ஒன்று முன்பின் பார்த்ததில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து சாவி. வாசல் கதவு, பின்கதவு, படுக்கையறை, அக்காவின் பீரோ, என் மேசை இழுப்பறை, எல்லாவற்றுக்கும் பூட்டுக்காரரை வரவழைத்து ஒரே சாவியாக மாற்றிவிட்டார். "இனிமே தேடுற வேலையே இல்ல" என்று பெருமை வேறு. அந்தச் சாவிக்கு நகல் எடுத்து எதிர்வீட்டில் ஒன்று, அவர் அண்ணன் வீட்டில் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறார், அவசரத்துக்கு உதவுமாம். ஒருநாள் நாங்கள் வீடு திரும்பியபோது எதிர்வீட்டுக்காரர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து எங்கள் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அவசரம் ஒன்றுமில்லை, அவர் வீட்டில் மின்விசிறி ஓடவில்லையாம்.

மாமாவின் வாயும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். வண்டி ஓட்டும் தேர்வில் நான் தோற்ற செய்தி, நான் வீடு வந்து சேர்வதற்குள் மளிகைக் கடைக்காரருக்குப் போய்விட்டது. அவர் எனக்கு ஆறுதல் சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்தார். மாமாவிடம் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம், அதற்கும் வழியில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மருத்துவமனை வேலை வந்தது. அதே ஆட்கள் ஒரு மருந்துக் கடையும் ஓர் உடற்பயிற்சிக் கூடமும் நடத்துகிறார்கள். மூன்றுக்கும் தனித்தனி இணையதளம், ஆனால் பொதுவான நுழைவு வேண்டும் என்றார்கள். ஒரு தடவை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனால் மூன்றும் திறக்க வேண்டும். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சாவிக்குச் செய்ததை ஊருக்கே செய்யலாம் அல்லவா. ஒரே வாரத்தில் ஒட்டி முடித்தார். நுழைந்தவர் யார், என்ன வாங்கினார், எதற்காக வந்தார் என்கிற எல்லா விவரமும் மூன்று தளங்களுக்கும் பொதுவாகப் போயிற்று. முதல் ஆளாகத் தன் புகைப்படத்தோடு கணக்குத் தொடங்கி, மலச்சிக்கலுக்கு மருந்து வாங்கினார். மறுநாள் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து, 'உட்கார்ந்து எழும் பயிற்சிகள் உங்களுக்கு மிகவும் உகந்தவை' என்று செய்தி வந்தது. அதை அவர் அலுவலகம் முழுக்கக் காட்டிப் பூரித்துப்போனார்.

"வீட்டுக்கு ஒரு கணக்கு போதும்" என்று அக்காவையும் அதிலேயே சேர்த்துவிட்டார். அவள் நுழைந்தாலும் மூலையில் மாமாவின் படம்தான் சிரிக்கும்.

அந்தத் தளத்தில் 'மருத்துவரிடம் கேளுங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் மாமாவே தன் கையால் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: 'இங்கே எழுதுவது உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும்.' பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டுப் படம். பூட்டுப் படமும் வெளியாள் சரக்குதான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். கரும்பலகையில் எழுதி, பார்த்து, அழித்து, மறுபடி எழுதுகிறவள். யோசிக்காமல் ஒரு வார்த்தை வராது. ஒருநாள் மாலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு போர்வையை மடித்துக்கொண்டே, "இடது மார்புல ஒரு கட்டி இருக்கு" என்றாள். எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டேன்.

"டாக்டர பாத்தியா?"

"பாத்தேன். வெள்ளிக்கிழமை ஊசி போட்டு எடுத்து சோதிக்கிறாங்க. முடிவு அடுத்த வாரம்." போர்வையை என் கையில் கொடுத்தாள். "அதுவரைக்கும் உங்க மாமாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். ஒவ்வொருத்தரும் வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போவாங்க. என்னால அதைத் தாங்க முடியாதுடி. ஒண்ணுமில்லன்னு வந்தா நானே சொல்லிக்கிறேன். ஏதாவது இருக்குன்னாலும் நானேதான் சொல்லணும்."

நான் சத்தியம் செய்தேன். அவள் கேட்டது அவ்வளவுதான், ஒரு வாரம், தன் உடம்பைப் பற்றிய செய்தி தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும். ஒரே சாவியில் திறக்கிற வீட்டில் அதுவே பெரிய ஆசை.

அன்று சாப்பிடும்போது அக்கா ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்: "அந்த டாக்டர் பக்கத்துல எழுதுறத யாரெல்லாம் பாப்பாங்க?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதுறவங்களும் டாக்டரும் மட்டும்தான். வீட்டாருக்குக் காட்ட வேண்டாம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல குறி போட்டாப் போதும். நானே தலைகீழா நின்னாலும் பாக்க முடியாது."

அந்தக் கட்டத்தை நானும் சோதித்திருந்தேன். உண்மையாகவே வேலை செய்தது. ஆகவே நானும் சரி என்பதுபோலத் தலையாட்டினேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அன்று மதியம் முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, 'கண்' என்று எல்லோரும் சொல்கிற புதுக் கருவி ஒன்றை ஒட்டச் சொல்லியிருக்கிறார். தளத்துக்கு வருகிறவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எதை அழுத்துகிறார்கள் என்று படம்பிடித்துப் பிறகு ஓட்டிக் காட்டும் கருவி அது. மறுநாள் மருத்துவமனைக்காரர்கள் வருகிறார்கள், அவர்களை அசத்த வேண்டுமாம். மாமா அதை என்னிடம் சோதனைக்கு அனுப்பவே இல்லை. மூன்று தளங்களுக்கும் பொதுவாக இருந்த தலைப்புப் பகுதியில் ஒரே வரி ஒட்டினார். தலைப்பு எந்தெந்தப் பக்கத்தில் வருமோ அங்கெல்லாம் கண்ணும் போய் உட்கார்ந்துகொண்டது, மருத்துவர் பக்கம் உட்பட. கடவுச்சொல்லைத் தவிர வேறு எதை மறைக்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது கருவியோடு வந்த செய்முறைக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மாமா முதல் பக்கத்தோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் கூட்ட அறையில் சுவர் அகலத்துக்குத் திரை. மருத்துவமனையின் மேலாளர் அம்மாள் தன் ஆட்களோடு வந்திருந்தார். முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டார். "நேத்து ராத்திரி யாரோ வந்து எழுதியிருக்காங்க பாருங்க. ஜனங்க எங்க தடுமாறுறாங்கன்னு நாம உக்காந்த இடத்துல பாக்கலாம்."

திரையில் மருத்துவர் பக்கம் விரிந்தது. மூலையில் வட்டத்துக்குள் மாமாவின் புகைப்படம். அறையே சிரித்தது. "அட, நம்ம ஒட்டு" என்றார் முதலாளி. "டாக்டர்கிட்ட அப்படி என்ன ரகசியம் கேட்டீங்க?"

"நான் நேத்து உள்ளயே போகலையே" என்று மாமாவும் சிரித்தார்.

அதே கணக்கில்தான் அக்காவும் இருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. "சார், வேற ஒண்ணு போடுங்க" என்றேன்.

"இந்தம்மாவுக்கு எதுலயும் ஒரு குறை" என்றார் முதலாளி, மேலாளர் அம்மாளைப் பார்த்து.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. 'இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது.' யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார். மாமாவின் படமும் மார்பில் கட்டியும் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். 'வெள்ளிக்கிழமை சோதனை. வீட்டில் சொல்லவில்லை. அவர் நல்லவர், ஆனால் அவருக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.' சிரிப்பு நின்றது. அடுத்த எழுத்து விழ வேண்டிய இடத்தில் நிற்கும் கோடு கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொரு வரி வந்தது. 'எனக்குப் பயமாக இருக்கிறது.'

அப்புறம் அந்த வரி கடைசி எழுத்திலிருந்து அழிய ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வரியும் அழிந்தது, அதற்கு முந்தையதும். எல்லாம் போன பிறகு அந்த வெள்ளைக் கட்டத்தில் புதிதாக ஒரு வரி மட்டும் எழுதப்பட்டது: 'நீங்கள் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா?' மறைக்கும் கட்டத்தில் குறி விழுந்தது. அனுப்பியாயிற்று.

மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தது மாத்திரைக் கேள்வி மட்டும்தான். மற்றதெல்லாம் எங்கள் கூட்ட அறைக்கு வந்துவிட்டது.

மேலாளர் அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "அழிச்சதுகூடத் தெரியுதா? அப்ப ஜனங்க மனசுல நெனக்கிறதயே பாத்துடலாமே. இது எங்க உடற்பயிற்சிக் கூடத்துக்கும் வேணும்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நின்றார். "நிறுத்துங்க. அது எங்க வீட்டுல எழுதினது" என்றார்.

முதலாளி அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "சரி சரி, தெரியாம நடந்துபோச்சு. நீங்க உக்காருங்க. நான் வேற யாரோடதாவது போடுறேன்."

மாமா சுவர்ப்பக்கம் போய்த் திரையின் மின்கம்பியைப் பிடுங்கினார். "யாரோடதும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உங்க வாயப் பத்தியும் தெரியும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்த ஒட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிவு வர்றவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. சரியா?"

"உங்களால முடியாது மாமா."

"பாப்போம்."

அன்றே கண்ணைப் பிடுங்கி எறிந்தார். அதோடு நிற்கவில்லை. ஒட்டி வைத்திருந்த ஒவ்வொன்றையும் நிறுத்தி, நீ யார், எதைப் பார்க்கிறாய், யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்று கேட்காத குறையாகத் துருவினார். பூ உதிர்வது போயிற்று, ஆள் எண்ணுகிற கருவி போயிற்று. பேச்சுப் பெட்டியை வெளியே எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனிச் சட்டத்துக்குள் அடைத்தார். தவிர்க்க முடியாத ஒன்றிரண்டு வெளியாட்களை மட்டும் பெயர் சொல்லி அனுமதித்தார். அவர்கள் தங்கள் சரக்கில் ஓர் எழுத்தை மாற்றினாலும் வாசலிலேயே நிறுத்தும்படி முத்திரை வைத்தார். நுழைவுப் பக்கத்திலும் மருத்துவர் பக்கத்திலும் வெளியாளுக்கு இடமே இல்லை. பொது நுழைவு இருந்தது, ஆனால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. மருந்துக் கடையில் வாங்கியது உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் எப்போதோ எழுதி அனுப்பியிருந்தேன். இப்போது அவரே கண்டுபிடித்த மாதிரி எனக்கு விளக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

மேலாளர் அம்மாள் கூப்பிட்டுப் பூ ஏன் உதிரவில்லை என்று வருத்தப்பட்டார். படம்பிடித்ததை அழித்துவிடும்படி மாமா அந்தக் கண் கம்பெனிக்கு எழுதினார். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதில் வந்தது. கீழே மூன்று மூஞ்சிகள், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஒன்றை அழுத்தச் சொல்லி.

வீட்டில் மாமா நடித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாயைத் திறந்தால் எங்கே வெளியே வந்துவிடுமோ என்று பேசவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். "உங்க மாமாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? அண்ணனுக்குக்கூட போன் பண்ண மாட்டேங்கறார்" என்று அக்கா என்னிடம் கவலைப்பட்டாள். நோய் யாருக்கு, கவலை யாருக்கு என்று நினைத்துக்கொண்டே தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினேன்.

ஒருநாள் பூட்டுக்காரரை அழைத்துவந்து அக்காவின் பீரோவுக்கு மட்டும் வேறு பூட்டுப் போட்டார். "பழசு இறுகிப்போச்சு" என்று சொல்லிப் புதுச் சாவியை அவளிடம் கொடுத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று நானும் அக்காவும்தான் மருத்துவமனைக்குப் போனோம். வெறும் கொழுப்புக் கட்டி. எடுக்கக்கூட வேண்டாம் என்றார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவள் கொஞ்ச நேரம் அழுதாள், நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம்.

மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரை உட்கார வைத்து, மாடியில் என்னிடம் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மாமா "அப்படியா" என்றார், "அடடா" என்றார். கொழுப்புக் கட்டி என்று கேட்டதும் நடிப்பு மறந்துபோய் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்றாள் அக்கா, அவர் கையை விலக்கிக்கொண்டே. "உங்களுக்குச் சொன்னா ஊரே வந்து நிக்கும்னுதான் சொல்லல. நல்லவேளை, டாக்டரையும் நம்ம மூணு பேரையும் தவிர இது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சும்மா இருங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தை ஒரு வாரம் முழுக்க வைத்திருந்த மனுஷன், அதை வைத்துக்கொண்டே இருக்கலாகாத இடம் எது என்று எப்படியோ தெரிந்துகொண்டார்.

"இல்லம்மா. இன்னும் ஆள் இருக்கு."

சொன்னார். சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. தலைப்பில் ஒட்டிய வரி, முதலாளி, மேலாளர் அம்மாள், பின்னாலிருந்து யாரோ சிரித்தது, அழிக்கச் சொல்லி எழுதியதற்கு வந்த மூன்று மூஞ்சிகள், எல்லாவற்றையும் சொன்னார்.  அவர் முடித்த பிறகும் அக்கா மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அழிச்சதையுமா?" என்று கேட்டாள்.

"அழிச்சதையும்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"பீரோவோட இன்னொரு சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"பூட்டுக்காரர் எப்பவும் ரெண்டுதான் குடுப்பார். நீங்க என்கிட்ட ஒண்ணுதான் குடுத்தீங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "அவசரத்துக்கு உதவுமேன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். புதுச் சாவி வளையத்தின் நடுவில் மாட்டியிருந்தது. அதை நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது. அக்கா அதுவரை நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.